ஊன்றுகோலும் கைப்பிடியும்

ஊன்றுகோலுக்கு இரண்டு முனைகள் உண்டு. கீழ்முனை நிலத்தைத் தொடுவது. மேல்முனை மனிதனின் கையைத் தொடுவது. கீழ்முனை எந்நாட்டிலும் எக்காலத்திலும் ஒரே தொழிலைத்தான் செய்து வந்திருக்கிறது. மேல்முனையின் கதையோ அத்துணை நேரானதன்று. அரசர் கையில் அது ஆணையின் அடையாளமாக இருந்தது. செல்வர் கையில் செல்வத்தை எடுத்துக்காட்டும் அணியாக இருந்தது. அதன் துணையின்றி நடக்கவியலாத முதியவரின் கைக்கு அது இதமாக அமையவேண்டும் என்னும் எண்ணமோ மிகப் பிந்தியே தோன்றியது. காண்பவர் கண்ணுக்காகச் செய்யப்பட்ட கைப்பிடி, பிடிப்பவர் கைக்காகச் செய்யப்படும் கைப்பிடியாக மாறிய வரலாற்றையே இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன்.

இத்துணைச் சிறு பொருளுக்கும் ஒரு வரலாறா என்று சிலர் வினவக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் தடுமாறி விழுவதனால் உயிரிழக்கின்றனர். அவருள் முதியோரே மிகுதி. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது மக்களுள் 12.4 சதவீதத்தினர் அறுபது வயதை எட்டியவராய் இருந்தனர். ஆகவே ஊன்றுகோல் என்பது ஒரு சிலரது தேவை அன்று. ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பமும் என்றேனும் ஒருநாள் எண்ணிப்பார்க்க வேண்டிய பொருள்.

ஆயினும் நம் வீடுகளில் நிகழ்வது யாது? தந்தைக்கோ பாட்டிக்கோ ஒரு கைத்தடி வாங்கிக் கொடுக்கப்படுகிறது. சில நாட்கள் சென்றபின் அது கதவு மூலையில் சார்த்தப்பட்டுக் கிடக்கிறது. "ஏன் பொல்லை எடுக்கவில்லை?" என்று கேட்டால், "கை நோகுது" என்பது மறுமொழி. கேட்டவர்கள் அதனைப் பிடிவாதம் என்று கொள்கின்றனர். பல வேளைகளில் அது பிடிவாதம் அன்று, உண்மையே. குற்றம் முதியவரிடம் இல்லை; கைப்பிடியிலேயே இருக்கின்றது.

முதலில் நம் தமிழிலக்கியத்தைப் பார்ப்போம். புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய புலவரைத் தமிழுலகம் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் பெயராலேயே அறியும். அப்பாட்டில் அவர் ஆண்ட ஒரு தொடரே அவருக்குப் பெயராயிற்று. இளமையில் நீர்த்துறையின் மருத மரத்துக் கிளையேறி, ஆழ்ந்த மடுவிற் குதித்து, அடிமணலை அள்ளி வந்து காட்டிய ஒருவர், முதுமையில் இருமலுக்கிடையே சில சொற்களே பேசி, கோலூன்றி நடக்கும் நிலையில் அந்நாட்களை நினைத்து இரங்குவதே அப்பாட்டின் பொருள். தொடி என்றால் வளை, பூண். தொடித்தலை என்பது பூண் பூட்டிய தலை. மரத்தின் முனையிற் பூணை இறுகப் பூட்டினால் மரம் பிளவாது என்பது தச்சர் எவரும் அறிந்தது. ஒரு புலவரின் பெயரிலேயே ஊன்றுகோலின் மேல்முனை இவ்வாறு பதிவாகியிருப்பது, சங்ககாலச் சான்றோர் இச்சிறு பொருளையும் கூர்ந்து நோக்கினர் என்பதற்குச் சான்றாகும்.

திருவள்ளுவரும் ஊன்றுகோலை மறந்தாரல்லர். கேள்வி என்னும் அதிகாரத்தில், ஒழுக்கமுடையோரின் வாய்ச்சொல் வழுக்கும் நிலத்தில் நடப்பார்க்கு ஊன்றுகோல் உதவுவது போல உதவும் என்கிறார். கேட்டலின் சிறப்பைக் கூறும் அதிகாரத்தில் ஊன்றுகோல் உவமையாக வந்திருப்பது வானொலி நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி அன்றோ! வள்ளுவர் கூறும் கோல் பகட்டுக்குரியது அன்று. வழுக்கும் வேளையிற் கைகொடுப்பது. இவ்விரு வகைக் கோல்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை மனத்திற்கொண்டு இனிப் பிறநாடுகளுக்குச் செல்வோம்.

பண்டை எகிப்தியரின் சித்திர எழுத்துகளுள், கோலூன்றிக் குனிந்து நிற்கும் மனிதனின் உருவம் ஒன்று உண்டு. முதுமை என்னும் பொருளைக் குறிப்பதற்கு அவ்வுருவத்தையே அவர்கள் எழுதினர். கோலும் முதுமையும் அவர்கள் எண்ணத்திற் பிரிக்கவியலாதவாறு இணைந்திருந்தன. ஆயினும் எகிப்தில் மிகப் பெருந்தொகையாகக் கோல்கள் கண்டெடுக்கப்பட்டது ஒரு முதியவரின் கல்லறையில் அன்று. ஏறத்தாழப் பத்தொன்பது வயதில் இறந்த ஓர் இளம் அரசனின் கல்லறையிலேயாம். 1922ஆம் ஆண்டில் ஹவார்ட் கார்ட்டர் என்னும் ஆங்கிலேயர் துத்தங்காமனின் கல்லறையைத் திறந்தபோது, அதனுள் ஏறத்தாழ 130 கோல்கள் இருந்தன. சில பொன்தகடு போர்த்தவை. சிலவற்றின் வளைந்த முனைகளில் அரசனின் பகைவர்கள் கட்டுண்ட கைதிகளாகச் செதுக்கப்பட்டிருந்தனர். எளிய நாணற்கோல் ஒன்றும் அவற்றிடையே இருந்தது. அரசன் தன் கையாலேயே வெட்டியெடுத்த நாணல் அது என அதன்மேல் எழுதப்பட்டிருந்தது.

இத்தனை கோல்கள் ஓர் இளைஞனுக்கு எதற்கு? நெடுங்காலமாக அறிஞர்கள் அவற்றை அரச சின்னங்கள் என்றே கருதினர். 2010ஆம் ஆண்டில் எகிப்திய அறிஞர் சாகி ஹவாஸ் முதலியோர் அரசனின் உடலைக் கதிர்ப்படங்களால் ஆராய்ந்து, இடக்காலில் வளைவும் எலும்புச் சிதைவும் இருந்தன என வெளியிட்டனர். அக்கோல்களுட் சில அவன் நடப்பதற்கு உண்மையாகவே உதவியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இதனை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. சின்னமாக ஏந்தும் கோலும் தேவைக்கு ஊன்றும் கோலும் ஒரே அறையில் கலந்து கிடந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றின.

உரோமரிடையே வழங்கிய ஒரு கதையும் இங்கு நினைக்கத்தக்கது. இலத்தீன் மொழியில் சிப்பியோ என்னும் சொல்லுக்குக் கோல் என்பது பொருள். ஹனிபாலை வென்ற தளபதி பிறந்த சிப்பியோ குடும்பத்துக்கு அப்பெயர் வந்த காரணத்தை மக்ரோபியஸ் என்னும் நூலாசிரியர் கூறுகின்றார். அக்குலத்து முன்னோன் ஒருவன், கண்ணிழந்த தன் தந்தைக்கு ஊன்றுகோல் போலத் துணைநின்று வழிநடத்தினானாம். அதனால் கோல் என்னும் பெயர் பெற்றானாம். மலாயாக் காடுகளில் வளரும் பருத்த பிரம்பு ஒன்றுக்குத் தாவரவியலார் இட்ட இலத்தீன் பெயரிலும் இதே சொல் அமைந்திருக்கிறது. மலாக்காப் பிரம்பு என உலகெங்கும் கைத்தடிக்குப் பேர்போனது அதுவே.

அந்தப் பிரம்பு கப்பலேறி மேற்குநாடுகளுக்குச் சென்ற காலமே கைத்தடி பகட்டுப் பொருளாக உச்சநிலையை அடைந்த காலமாகும். பிரான்சு நாட்டின் பதினான்காம் லூயி மன்னனை ரிகோ என்னும் ஓவியர் 1701ஆம் ஆண்டில் தீட்டிய புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. அதில் மன்னன் செங்கோலைத் தலைகீழாகப் பிடித்து, அதனைக் கைத்தடிபோல் ஊன்றி நிற்கின்றான். அப்போது அவனுக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. கீல்வாதமும் அவனை வருத்தியது. நிற்பதற்குத் துணை வேண்டியவனே. ஆயினும் ஓவியம் காட்டுவது துணையை அன்று, ஆட்சியை.

மன்னனைப் பின்பற்றிப் பிரபுக்களும், பிரபுக்களைப் பின்பற்றி வணிகரும் கைத்தடி ஏந்தினர். பீங்கானாலும் தந்தத்தாலும் வெள்ளியாலும் பொன்னாலும் பிடிகள் செய்யப்பட்டன. நாயின் தலை, குதிரையின் தலை, பறவையின் அலகு என எத்தனையோ உருவங்கள் அவற்றிற் செதுக்கப்பட்டன. பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் 1834ஆம் ஆண்டில் நீலப்பச்சைக் கற்கள் பதித்த பிடியோடு ஒரு கைத்தடி செய்வித்தார். பாரிஸ் மாநகரே அதனைப் பற்றிப் பேசியது. 1836ஆம் ஆண்டில் ஜிராதன் அம்மையார் அக்கைத்தடியையே தலைப்பாகக் கொண்டு ஒரு நாவல் எழுதினார். இன்றும் அது பாரிஸில் பால்சாக்கின் பெயரால் அமைந்த நினைவில்லத்திற் பேணப்படுகின்றது.

இக்கைத்தடிகளின் பிடியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பறவையின் கூரிய அலகு உள்ளங்கையிற் குத்தும். பதித்த கற்கள் தோலை உரசும். மெருகேற்றிய வெள்ளி வியர்வையில் வழுக்கும். உருண்டைக் குமிழின்மேல் உடலின் பாரத்தை வைத்தால் உள்ளங்கையின் நடுவே ஒரே புள்ளியில் அழுத்தம் சேரும். ஆயினும் எவரும் முறையிடவில்லை. ஏனெனில் அவற்றை ஏந்தியவருட் பெரும்பாலோர் அவற்றின்மேற் சாயவேண்டியவர்கள் அல்லர். விரல்களால் இலேசாகப் பிடித்து வீசி நடந்தவர்கள்.

உண்மையில் சாயவேண்டியவர்கள் வேறு வகைப் பிடியை நாடினர். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் 1712ஆம் ஆண்டிற் பிறந்து 1786ஆம் ஆண்டில் மறைந்தவர். போர்களில் வென்று 'மகா' என்னும் அடைமொழி பெற்றவரே எனினும், முதுமையில் கீல்வாதத்தால் நலிந்தார். ஜேர்மன் மக்கள் நினைவில் நிற்கும் அவரது உருவம், குறுக்குப்பிடியுடைய எளிய கோலை ஊன்றிய கிழவரின் உருவமே. செங்குத்தான தண்டின் தலையில் கிடையாக ஒரு கட்டையைப் பொருத்தினால், உள்ளங்கை முழுவதும் அதன்மேற் படியும், பாரம் பரவும். கக்கத்தில் வைக்கும் தாங்குகட்டையிலிருந்தே அவ்வடிவம் பிறந்தது என்பதை அதன் ஜேர்மன் பெயரே உணர்த்துகின்றது. மன்னரும் நோயுற்ற குடியானவரும் ஒரே வகைப் பிடியை நாடியது தேவையினால் நேர்ந்தது.

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் மற்றொரு வடிவம் வளர்ந்தது. அதுவே இன்று நாம் எங்கும் காணும் கொக்கிப்பிடி. இனிப்புச் செஸ்நட் என்னும் மரத்தை அடியில் வெட்டிவிட்டால் பல இளந்தளிர்கள் நேராக வளரும். அவற்றை வெட்டியெடுத்து, நீராவியில் வேகவைத்து, மரம் இளகிய நிலையில் அச்சில் வளைத்துக் கட்டிக் காயவைப்பர். காய்ந்தபின் வளைவு நிலைத்துவிடும். ஒட்டும் இல்லை, ஆணியும் இல்லை, ஒரே மரம். ஆதலால் உறுதியும் மலிவும் ஒருங்கே அமைந்தன. கடையிற் காசெண்ணும்போது அதனை முழங்கையிற் கொளுவிக்கொள்ளவும் முடிந்தது. நம் நாட்டு வைத்தியசாலை வாயில்களில் விற்கும் தடிகள் பலவும் இவ்வடிவத்தினவே.

ஆனால் கொக்கிப்பிடிக்கும் ஒரு குறை உண்டு. அது உருண்டு மெலிந்திருப்பதால் உள்ளங்கையின் குறுக்கே ஒரு கோடாக மட்டுமே அழுத்துகின்றது. அன்றியும், கை பதியும் இடம் வளைவின் பின்பக்கமாக ஒதுங்கினால், பாரம் தண்டின் வழியே நேராக இறங்காது. தடி கையினுள் திரும்ப முயலும். அதனைத் திரும்பாமற் தடுக்க விரல்கள் இறுகப் பற்ற வேண்டும். சிறிது நேரம் நடப்பவர்க்கு இஃது ஒரு பொருட்டன்று. நாள் முழுவதும் சாய்ந்து நடப்பவர்க்கோ, விரல் மூட்டுகளில் வாதம் உடையவர்க்கோ இது தாங்கவியலாத நோவாகும்.

இந்நோவின் காரணத்தை வைத்திய அறிவு படிப்படியாகவே விளக்கியது. 1861ஆம் ஆண்டில் குயோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர், மணிக்கட்டின் சிறுவிரற் பக்கத்தில் ஒரு நரம்பு செல்லும் குறுகிய வழியை விவரித்தார். அவ்வழி உள்ளங்கையின் அடிமேட்டில், தோலுக்கு அண்மையிலேயே இருக்கின்றது. கடினமான பிடி அவ்விடத்தை நெடுநேரம் அழுத்தினால் சிறுவிரலும் அதற்கடுத்த விரலும் மரத்துப்போகும். நாளடைவிற் பிடியின் வலிமையும் குன்றும். நெடுந்தூரம் துவிச்சக்கரவண்டி ஓட்டுவோர்க்கு நேரும் விரல் மரப்பும் இவ்வழியே உண்டாவதாகும். மணிக்கட்டின் நடுவிலே மற்றொரு நரம்பு எலும்புக்கும் தடித்த நாருக்கும் இடையே செல்கிறது. மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்கியவாறு பாரம் தாங்கினால் அது நெருக்குண்டு, பெருவிரல் முதலிய விரல்கள் விறைக்கும். ஆகவே "கை நோகுது" என்னும் முதியவரின் முறையீட்டுக்கு உடற்கூற்றிலேயே காரணம் உண்டு.

1956ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம். எலும்பு மூட்டுச் சத்திரசிகிச்சைக்கென அமைந்த ஓர் ஆய்விதழின் அமெரிக்கப் பதிப்பிலும் பிரித்தானியப் பதிப்பிலுமாக, அவ்வாண்டில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. முதலாவது அமெரிக்க வைத்தியர் வால்ற்றர் புளவுண்ட் எழுதியது. கைத்தடியை எறிந்துவிடாதீர் என்பதே அதன் தலைப்பு. இரண்டாவது ஜோன் நேப்பியர் என்னும் ஆங்கிலேயர் மனிதக் கையின் பற்றுதலைப் பற்றி எழுதியது.

புளவுண்ட் விளக்கிய உண்மையை எளிய முறையிற் கூறுகிறேன். நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு காலிலேயே நிற்கின்றோம். அப்போது உடல் மறுபக்கம் சாயாதவாறு, நிற்கும் காலின் இடுப்புத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. தராசிற் போல, உடலின் எடை இடுப்பு மூட்டிலிருந்து தூரத்திலும் தசை அண்மையிலும் இருப்பதால், தசை எடையைவிடப் பன்மடங்கு விசையோடு இழுக்கவேண்டியுள்ளது. இரண்டும் சேர்ந்து மூட்டின்மேல் இறங்கும் சுமை உடல் எடையின் ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஜேர்மன் வைத்தியர் பவ்வெல்ஸ் 1935ஆம் ஆண்டிலேயே இக்கணக்கை ஆராய்ந்திருந்தார். நோயுற்ற காலுக்கு எதிர்ப்பக்கக் கையிற் கோலைப் பிடித்தால், அக்கை மூட்டிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால் சிறிது ஊன்றினாலும் பெரும்பயன் விளையும். தசையின் இழுப்பும் மூட்டின் சுமையும் வெகுவாகக் குறையும். வலக்கால் நோகுமாயின் இடக்கையிற் கோலைப் பிடிக்கவேண்டும் என்பது இதன் முடிவு. நம்மிற் பலர் நோகும் காலின் பக்கத்திலேயே கோலைப் பிடிப்பதைக் காண்கிறோம். அது இயல்பாகத் தோன்றினும் பயன் குறைந்தது.

நேப்பியர் கூறியது வேறொன்று. ஒரு பொருளை மனிதன் இருவகையாகப் பற்றுகிறான். நுனிவிரல்களாற் பற்றுவது நுட்பப் பற்று. எழுதுகோலைப் பிடிப்பது போல. உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து பற்றுவது வலுப்பற்று. சுத்தியலைப் பிடிப்பது போல. எவ்வகையிற் பற்றுவது என்பதைப் பொருளின் வடிவம் மட்டும் முடிவுசெய்வதில்லை. எதற்காகப் பற்றுகிறோம் என்னும் நோக்கமே பெரிதும் முடிவுசெய்கின்றது. இவ்வுண்மையைக் கைத்தடிக்குப் பொருத்திப் பார்த்தால், நூற்றாண்டுகளாக நிகழ்ந்த தவறு விளங்குகின்றது. நுனிவிரலால் ஏந்தும் நோக்கத்துக்காக உருவான பிடிகளை, உடலின் பாரத்தைத் தாங்கவேண்டியவர் கையில் வலுப்பற்றுக்காகக் கொடுத்து வந்திருக்கிறோம்.

இன்று கிடைக்கும் பிடிகளுள் மூன்றை இங்கு கூறலாம். டார்பிப் பிடி மெல்லிய வளைவோடு தண்டின் தலைக்கு நேர்மேலே கை அமருமாறு அமைந்தது. பிரிட்ஸ் பிடி ஏறத்தாழ நேரான குறுக்குக்கட்டை. வாதநோயுள்ள கைகளுக்கு இதமானது. பிஷர் பிடி என்பது உள்ளங்கையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப அகன்று வடிக்கப்பட்டது. பாதணியைப் போல அதற்கு வலம், இடம் என்னும் வேறுபாடு உண்டு. அதனை வாங்கும்போது எக்கைக்கு என்று கேட்டு வாங்கவேண்டும். இடக்கைக்குரியதை வலக்கையிற் பிடித்தால் அது சாதாரண கொக்கியினும் துன்பந்தரும். கைத்தடிக்கும் கைக்கும் இத்துணை நெருங்கிய பொருத்தம் வேண்டும் என்று கருதப்பட்டதே இவ்வரலாற்றின் பெரும் மாற்றமாகும்.

வேறொரு வகையினர்க்குத் தனிக்கவனம் வேண்டும். அவர்கள் கை நோகவில்லை என்பவர்கள். ஏனெனில் அவர்கள் கையில் உணர்ச்சியே குறைந்திருக்கும். 1914ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் கொல்லிமலையிற் பிறந்த வைத்தியர் போல் பிராண்ட், 1946ஆம் ஆண்டிலிருந்து வேலூர்க் கிறித்தவ வைத்தியக் கல்லூரியிற் பணிபுரிந்தார். தொழுநோயால் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என மக்கள் நம்பிய காலம் அது. உணர்ச்சியற்ற கை, கருவிகளை அளவுக்கு மிஞ்சி அழுத்திப் பற்றுவதாலும், புண்பட்டதை அறியாமையாலுமே சிதைகின்றது என்பதை அவர் கண்டறிந்தார். இப்பாடம் தொழுநோயாளர்க்கு மட்டும் உரியதன்று. நீரிழிவினால் உணர்ச்சி குன்றிய கைகளுக்கும் பொருந்தும். அத்தகையோர் ஊன்றுகோல் பயன்படுத்துவாராயின், நோவு இல்லை என்று இருந்துவிடலாகாது. நாள்தோறும் உள்ளங்கையைக் கண்ணாற் பார்த்துச் சிவப்பும் கொப்புளமும் உண்டா என அறியவேண்டும்.

மேல்முனையைப் பற்றிப் பேசும்போது கீழ்முனையின் உதவியையும் மறத்தலாகாது. இரும்புப் பூண் மட்டும் பூட்டிய கோல் சீமெந்துத் தரையில் ஊன்றும்போதெல்லாம் அதிர்ச்சி நேரே கைக்கு ஏறும், வழுக்கவும் செய்யும். இக்குறையை நீக்கியது இறப்பர். சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்து இறப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு 1844ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அதன் பின்னரே வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் உழைக்கும் இறப்பர் கிடைத்தது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளின் பெரும்பகுதி அவ்வாண்டிலேயே நம் நாட்டுக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டது. ஊன்றுகோலின் அடியில் நாம் பூட்டும் சிறிய இறப்பர்க் குமிழுக்கும் நம் மண்ணுக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு. அக்குமிழின் அடிவரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் உடனே மாற்றவேண்டும். கோலைப் புதிதாக வாங்குவோர் பலர். தேய்ந்த குமிழை மாற்றுவோர் சிலரே.

இனி, இவ்வரலாற்றால் நாம் பெறும் நடைமுறைப் பயன்களைத் தொகுத்துக் கூறுவேன். முதலாவது உயரம். வழக்கமாக அணியும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு இருக்கும் மட்டத்துக்குக் கோலின் தலை வரவேண்டும். அப்போது கோலை ஊன்றினால் முழங்கை ஏறக்குறைய 15 முதல் 30 பாகை வரை மடிந்திருக்கும். உயரம் மிகுந்தால் தோள் உயர்ந்து மணிக்கட்டு மடங்கும். குறைந்தால் முதுகு கூனும். எத்துணை நல்ல பிடியாயினும் உயரம் தவறினால் கை நோவு நீங்காது. தந்தையின் கோல் மகனுக்குப் பொருந்தும் என்பதும் இல்லை. கணவரின் கோல் மனைவிக்குப் பொருந்தும் என்பதும் இல்லை. மரக்கோல் நீளமாயின் தச்சரிடம் கொடுத்து அடியில் அறுப்பிப்பது ஒரு நாழிகை வேலை.

இரண்டாவது பருமன். பிடி மிக மெலிந்தால் விரல்கள் உள்ளங்கையிற் புதையும். மிகப் பருத்தால் பற்றவியலாது. பெரும்பாலான கைகளுக்கு 3 முதல் 4 சென்ரிமீற்றர் வரையுள்ள குறுக்களவு இதமாகும். மெலிந்த பிடியைத் தடிப்பாக்க விரும்புவோர், துவிச்சக்கரவண்டிக் கைப்பிடிக்குரிய இறப்பர் உறையையோ, ஒட்டி இறுகச் சுற்றிய தோல் நாடாவையோ பயன்படுத்தலாம். துணியை வெறுமனே சுற்றிக் கட்டுவது தீங்கு. அது நெகிழ்ந்து கையோடு திரும்பும். ஊன்றும் தருணத்தில் ஏமாற்றிவிடும். மூன்றாவது பொருள். நம் நாட்டுக் கருங்காலியும் பனைமரத்து வைரமும் உறுதியும் அழகும் வாய்ந்தவை. ஆனால் கண்ணாடிபோல் மெருகேற்றிய பிடி, வியர்க்கும் நம் காலநிலையில் வழுக்கும். தண்டு எத்துணை மினுங்கினும் ஆகுக. பிடி சற்று மங்கலாகவும் கையிற் படிவதாகவும் இருத்தலே நன்று. நோயுள்ளவர் கோலைத் தேர்ந்தெடுக்குமுன் இயன்மருத்துவர் ஒருவரிடம் காட்டிக்கொள்வது மிக்க பயன் தரும்.

இறுதியாக ஒரு சொல். ஊன்றுகோலைக் கையில் எடுத்தலை இழிவாக எண்ணி, விழுந்தபின்னரே எடுப்பவர் பலர். 1921ஆம் ஆண்டில் இளம்பிள்ளைவாத நோயாற் கால்களின் வலிமையை இழந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1928ஆம் ஆண்டில் ஹூஸ்ரன் நகரில் நடந்த கட்சி மகாநாட்டில், ஒரு கையிற் கோலும் மறுகையில் மகன் எலியட்டின் கையும் பற்றி மேடைக்கு நடந்துசென்றார். 1933ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியானார். காந்தியடிகள் 1930ஆம் ஆண்டில் தமது அறுபதாம் வயதைக் கடந்த நிலையில், மூங்கிற்கோல் ஏந்தி ஏறத்தாழ 240 மைல் நடந்து தண்டிக் கடற்கரையை அடைந்தார். அக்கோலுக்குத் தனிப் பிடியே இல்லை. நெடிய தண்டையே தலைக்குச் சற்றுக் கீழாகப் பற்றினார். கால் நலிந்து சாயவேண்டியவர்க்கு அத்தகைய நெடுங்கோல் ஏற்றதன்று. நெடுந்தூரம் நடப்பவர்க்கோ மிகப் பொருந்தும். அவரவர் தேவைக்கேற்ற கோலை அவரவர் ஏந்தினர். அதனால் அவர்கள் பெருமை குன்றவில்லை.

ஆகவே நேயர்களே, இனி ஒரு முதியவர்க்கு ஊன்றுகோல் வாங்கச் செல்லும்போது, அதனை அழகிய உறையிற் பொதிந்து பரிசாகக் கொடுப்பதோடு அமையாது, அவரையே உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் கையில் அதனைக் கொடுத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். எப்படித் தோன்றுகிறது என்று பிறரைக் கேளாது, எப்படி இருக்கிறது என்று அவரைக் கேளுங்கள். ஏற்கெனவே ஒரு கோல் உங்கள் வீட்டுக் கதவு மூலையிற் சார்த்திக் கிடக்குமாயின், அதன் பிடியை ஒருமுறை உங்கள் கையாற் பற்றி, உடலின் பாரத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அது ஏன் அங்கே கிடக்கின்றது என்பது உங்களுக்கு விளங்கக்கூடும்.